கைகளைக் கட்டிய உம்மா

ஸுல்பிகா குறிஞ்சாக்கேணிக்குத் திரும்பி வந்து ஒரு கிழமை ஆகியும், நான்கு வயது மகள் பஸ்னா அவளை உம்மா என்று கூப்பிடவில்லை. போனைப் பார்த்துத்தான் அப்படிக் கூப்பிட்டாள்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது பிள்ளை பால் மறந்த புதிது. வளர்த்தது தங்கை நஸ்ரின். அங்கே வீட்டுக்காரி பகலில் கண்ணயரும் நேரம் பார்த்து ஸுல்பிகா வீடியோ கோல் எடுப்பாள். நஸ்ரின் போனைப் பூவரச மரத்தடியில் ஒரு கல்லில் சாத்தி வைத்துவிட்டு உடுப்புக் கழுவப் போய்விடுவாள். பஸ்னா சிரட்டையில் மண்சோறு ஆக்கித் திரைக்கு நேரே நீட்டுவாள். ஸுல்பிகா அங்கிருந்தே வாயைத் திறந்து மெல்லுவாள். உப்புக் காணாது என்பாள். பிள்ளை இன்னொரு பிடி மண் போடும். அந்தச் சின்ன விரல்களை ஒருமுறை பிடித்தால் போதும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் அழுது கேட்டவள் அவள்.

கேட்டதை அல்லாஹ் கொடுத்தான். பிடிக்கும் தூரத்தில் பிள்ளை. ஆனால், கொண்டுவந்த பொம்மையை அது நஸ்ரினிடம் கொடுத்துவிட்டது. ஒளித்துப் பிடித்து விளையாடக் கூப்பிட்டால், ஒளித்த இடத்தை விட்டு வரவேயில்லை.

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து, மண்சோறு ஆக்கிக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் ஸுல்பிகா குந்தினாள். வேலை செய்து பழகிய கை சும்மா இருக்கவில்லை. சிந்திய மண்ணைக் கூட்டினாள். சிரட்டைகளைக் கழுவி அடுக்கினாள். பிள்ளையின் விரல்களையும் பிடித்துத் துடைத்தாள். ஆக்கி வைத்த சோறெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது.

பஸ்னா வீரிட்டு அழுதாள். "சாச்சி, இவங்க வேணாம். உம்மாக்குக் கோல் எடுங்க."

நஸ்ரினுக்குச் சிரிக்கவும் ஏலவில்லை, அழவும் ஏலவில்லை. "போன்ல நீங்க ஒண்டுக்கும் கை போடல்லயே, ராத்தா. திண்டது மட்டும்தானே," என்றாள்.

ஸுல்பிகா எழும்பிப் போய், போன் சாத்தும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் கட்டிக்கொண்டாள்.

பிள்ளை வெகுநேரம் விசும்பியது. பிறகு மெல்ல மண்ணை அள்ளத் தொடங்கியது. சிரட்டை நிரம்பியதும் வெறுங்கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. ஸுல்பிகா வாயைத் திறந்தாள்.

திரைக்கே ஊட்டிப் பழகிய பிள்ளைக்கு எந்த இடத்தில் நிறுத்துவதென்று தெரியவில்லை. மண் நிசமாகவே நாக்கில் விழுந்தது.

"உப்புக் காணாது, மகள்."

பஸ்னா அவளை உற்றுப் பார்த்தாள். ஓடிப்போய் இன்னொரு பிடி அள்ளி வந்தாள்.

"பெருசாத் தொறங்க, உம்மா."

சின்ன விரல்கள் உதட்டில் பட்டன. பிடிக்கத் துடித்த கையை முந்தானைக்குள் இன்னும் இறுக்கிக்கொண்டு, ஸுல்பிகா மண்ணை மென்றாள்.