பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு பேர்

பன்னிரண்டு வருஷம் ராயபுரத்தில் கோயில் உபதேசியாராக இருந்த என்னைப் பங்குச் சாமியார் ஒருநாள் கூப்பிட்டு, "போய்க் கொஞ்சம் படிங்க, கொஞ்சம் ஓய்வெடுங்க" என்று ஒரு வருஷத்துக்குப் பெங்களூர் அனுப்பிவைத்தார். அங்கே குளிரில் போர்த்திக்கொண்டு வேதாகமம் படித்தேன், தோட்டத்தில் ஜெபமாலையோடு நடந்தேன். மனசு ரொம்பப் பண்பட்டுவிட்டதாக நானே நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு, ஊர் திரும்பிய மறுநாள் காலை ஐந்தரை மணி வரைக்கும்தான் இருந்தது.

கோயிலைத் திறந்து மணியடித்துவிட்டு வாசலில் நின்றேன். முதல் பூசைக்குத் தவறாமல் வரும் மீன்கார அம்மா கூடையை ஓரமாக வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா உபதேசியாரே, வந்துட்டியா? நல்லா கீறியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "அப்ப அண்ணாத்த இனிமே வராதா?" என்று கேட்டார். கேட்ட குரலில் அப்படியொரு வருத்தம்!

நான் இல்லாத வருஷம் என் வேலையைப் பார்த்தவர்தான் அந்த அண்ணாத்தே. ஆர்பரில், அதாவது துறைமுகத்தில், நிலக்கரி இறக்குகிற பக்கம் அவருக்கு வேலை. விடியற்காலையில் கோயிலைத் திறந்து, பூசைக்கு எல்லாம் எடுத்துவைத்துவிட்டு ட்யூட்டிக்குப் போவார். சாயங்காலம் திரும்பி வந்து பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். நான் வந்ததும் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார். ஆள் ஒதுங்கினாரே தவிர, பேர் ஒதுங்கவில்லை. எங்கே போனாலும் அண்ணாத்தே, அண்ணாத்தே.

ஞானோபதேச வகுப்பில், "கடவுள் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டேன். பன்னிரண்டு வருஷமாக நான் சொல்லிக்கொடுத்த பதில், அவர் எங்கும் நிறைந்திருக்கிறார் என்பது. முன்வரிசையில் இருந்த சின்னப் பெண் எழுந்து, "அல்லா எடத்துலயும் கீறாரு சார். ஆர்பர்ல, கிரேன் மேல கூட கீறாரு" என்றாள். பிள்ளைகள் குஷியாகச் சிரித்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்பானேன்? "உட்கார்" என்று அதட்டினேன். அதற்குப் பிறகு வகுப்பில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கதை. நான் ஊரில் இல்லாதபோது என் மனைவி தினமும் அவருக்குக் காப்பி கொடுத்திருக்கிறாள். "வெறும் வயித்தோட மூட்டை தூக்கப் போற மனுஷன், ஒரு வாய் காப்பி குடுத்தா குறைஞ்சா போயிடும்?" என்றாள்.

"எந்த டம்ளர்ல? என்னோடதுலயா?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "என்னங்க, வயிறு எரியுதா? மோர் கரைச்சுத் தரட்டுமா?" என்றாள்.

எரியத்தான் செய்தது. அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது? வியாதிக்காரர்களைப் பார்க்கக் காலடிப்பேட்டை வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போனால், படுக்கையில் இருப்பவர் என் தோளுக்குப் பின்னால் இன்னொருவரைத் தேடுவார். நான் எழுத்துச் சுத்தமாக ஜெபம் சொல்லுவேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணியும் இல்ல நைனா, சரியாப் பூடும்" என்று சொல்ல ஓர் ஆள். இந்த ஜனம் எனக்குத் திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா? பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போதும் இதே கவலைதான்.

அந்தச் சமயத்தில்தான் தவக்காலம் வந்தது. பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதம் கழுவுவார். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்கிற சடங்கு அது. அந்தப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கிப் பட்டியல் எழுதுவது உபதேசியார் வேலை. பட்டியலில் பேர் வந்தால் குடும்பத்துக்கே பெருமை. மாமியார் வீட்டுக்கெல்லாம் சொல்லி அனுப்புவார்கள்.

சாமியார் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அவர் பேரைக் காணோமே?" என்றார். எவர் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை.

"அவருக்கு அன்னைக்கு ட்யூட்டி இருக்கும் சாமி" என்றேன். ட்யூட்டி உண்டா என்று நான் அவரைக் கேட்கவே இல்லை. பன்னிரண்டு பேருக்கு நடுவில் அந்த ஆளை உட்காரவைத்துக் கோயிலே அழகு பார்ப்பதை என்னால் சகிக்க முடியாது. அதுதான் விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டியலைக் கோயில் கதவில் ஒட்டினேன். அவர் வந்தார். விரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார். உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஊர் திரும்பியதிலிருந்து அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

இந்தச் சடங்கில் ஒரு வேடிக்கை உண்டு. சாமியார் கழுவுவது வலது காலை மட்டும். அதனால் எங்கள் பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் வீட்டிலேயே வலது காலைச் சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, நகம் வெட்டி, சிலர் பவுடர்கூடப் பூசிக்கொண்டு வருவார்கள். இடது கால் எப்படி இருந்தால் யாருக்கு என்ன? அந்த வியாழன் சாயங்காலமும் வெள்ளை வேட்டியில், பளபளக்கிற வலது கால்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு பேர். திருவொற்றியூரிலிருந்து வரவேண்டியவர் டோல்கேட் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டார்.

சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு காலி இடத்தைப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து மீன்கார அம்மாவின் குரல் வந்தது. "அண்ணாத்த, நீ போய் குந்துப்பா!"

கடைசித் தூணோரமாக அவர் நின்றிருந்தார். ட்யூட்டி முடிந்து நேரே வந்த கோலம். வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டினார். சாமியார் கையசைத்துக் கூப்பிடவும், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஓரத்தில் உட்கார்ந்தார்.

தாம்பாளம் ஏந்தித் தண்ணீர் ஊற்றுவது நான்தான். பதினோரு காலுக்கும் தண்ணீர் தெளிவாக விழுந்தது, சோப்பு வாசனையோடு. பன்னிரண்டாவது காலில் ஊற்றினேன். கரித்தூள் கரைந்து தாம்பாளம் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. "இன்னும் ஊத்துங்க" என்றார் சாமியார். விரலிடுக்கெல்லாம் கட்டைவிரலால் தேய்த்தார். இன்னும் ஊற்றினேன். பன்னிரண்டு வருஷத்தில் அங்கே உண்மையாகக் கழுவப்பட்ட கால் அது ஒன்றுதான். சாமியார் குனிந்து அதை முத்தமிட்டார். சீ, அழுக்குக் காலை வைத்தே இந்த மனுஷன் ஜெயித்துவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூசை முடிந்து தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"கோச்சிக்காதீங்க உபதேசியாரே. தண்ணியெல்லாம் கலீஜாப் பூடுச்சி. ஒரு வருசம் கோயில் வேல செஞ்சமே, நம்ம பேரும் இருக்கும்னு இன்னிக்கி லீவு சொல்லி வச்சிருந்தேன். லிஸ்ட்ல இல்ல. சரி, வூட்ல குந்திகினு இன்னா பண்றதுன்னு லீவ வாணாம்னுட்டு ட்யூட்டிக்குப் பூட்டேன். கூப்புடுவாங்கன்னு தெரிஞ்சா கழுவிகினு வந்திருப்பேன். மன்னிச்சிக்கோங்க."

"பரவாயில்லை" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அதிலும் அவரே என்னை முந்திக்கொண்டார்.