கோட்டைக்குப்பத்துக்குத் திரும்பிய நூல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி சுமாருக்குத் திருவொற்றியூர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். டிக்கெட் பத்து ரூபாய். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பதினொரு நூல் உருண்டைகள், எல்லாம் சேர்த்து முக்கால் கிலோ இருக்கும். நான் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவன். எத்தனையோ மூட்டைகளை ஏற்றி இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். இந்த முக்கால் கிலோ கனத்த மாதிரி ஒரு மூட்டையும் எனக்குக் கனத்ததில்லை.

நூல் நூற்பது எனக்குப் பொழுதுபோக்கு. எங்கள் தெருவில் ஆறு பேர் மாலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து தக்ளி என்கிற கைக்கதிரைச் சுற்றுவோம். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் மாவு மில் வைத்திருப்பவர், மற்றவர்களும் இதே ரகம்தான். கதர் கட்டுகிறவர் எங்களில் யாரும் இல்லை, நூலை விற்கிறவரும் இல்லை. சுற்றுகிற சுகத்துக்குச் சுற்றுகிறோம். என் மனைவி இதற்கு வைத்திருக்கிற பெயர் 'ஆம்பளைங்க பம்பரம்'.

எங்களைப் போலவே பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில், ஐந்து பெண்கள் நூற்கிறார்கள். எல்லோரும் வலை பழுது பார்க்கிறவர்கள். ஒன்றரை வருடத்துக்கு முன் ஏரி பார்க்கப் போன இடத்தில் வலைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து தக்ளியை எடுத்தேன். "இன்னாது அது, எங்க குடு பாக்கலாம்" என்று கஸ்தூரி என்ற பெண் வாங்கிப் பார்த்தாள். சாயங்காலம் நான் கிளம்பும்போது தக்ளி அவளிடமே இருந்தது. அப்புறம் நான் பஞ்சுத் திரி அனுப்புவதும், மீன் ஏலம் முடிந்து, சமையல் முடிந்து அவர்கள் சுற்றுவதும், போனில் ஒருவரை ஒருவர் கேலி செய்வதுமாகப் பழகிப் போனது. எனக்கு 'ராட்ட அண்ணா' என்று பெயர் வைத்தார்கள். என்னிடம் ராட்டையே கிடையாது.

கஸ்தூரியின் மகள் அஞ்சலிக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்று தெரிந்ததும், சும்மா சுற்றிய நூலுக்கு ஒரு வேலை வந்தது. ஐந்து பேர் நூலையும் சேர்த்துத் துணி நெய்து, அதிலே பேரப்பிள்ளைக்குத் தூளி கட்ட வேண்டும். அஞ்சலியின் கணவன் குமாருக்கு விசாகப்பட்டினம் துறைமுகத்தில் படகு எஞ்சின் வேலை. பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் கூட்டிப் போய்விடுவான். அந்தக் கிளம்புகிற நாள்தான் இந்த ஞாயிறு. தூளித் துணியோடு வருகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன்.

பெரியபாளையம் பக்கத்து ஆரணியில் ஒரு தறிக்காரரிடம் நூலைக் கொடுத்திருந்தேன். வியாழக்கிழமை போன் செய்தார். "சார், இது நூலா, பாசிமணியா? சாணுக்கு ஒரு முடிச்சு கீது. பண்ணைக்குள்ள நுழையவே மாட்டேங்குது" என்றார். பண்ணை என்பது தறியில் இழைகளைப் பிரித்து நிறுத்துகிற சீப்பு. முடிச்சு அதன் பல்லில் மாட்டினால் இழை அறும். "மில் நூலைப் பாவாக்கி, இதைக் குறுக்கே ஊடையாகப் போடலாமே" என்று கெஞ்சினேன். "போடலாம். சாக்கு மாதிரி உறுத்தும். பச்ச புள்ளைய அதுல படுக்க வெப்பாங்களா?" என்றார்.

நூற்கும்போது இழை அறுந்தால் நாங்கள் முடிச்சுப் போடுவதில்லை. இரண்டு நுனியையும் விரித்து, பஞ்சோடு பஞ்சை வைத்து, முறுக்கு ஏற்றினால் ஒட்டிக்கொள்ளும். அதை அவர்களுக்கும் காட்டினேன். நான் பார்க்கிற வரைக்கும் அப்படித்தான் செய்தார்கள். நான் பஸ் ஏறியதும் அவர்கள் கை தன் வழக்கத்துக்குப் போயிருக்கிறது. இருபது, முப்பது வருடமாக அறுந்ததைக் கண்டால் முடிச்சுப் போட்ட கை. நூலைத் திரும்ப வாங்கி வந்து, அந்த முடிச்சுகளை அவிழ்க்க வெள்ளி, சனி இரண்டு மாலையும் உட்கார்ந்தேன். வலை முடிச்சு அவிழாது. இழுக்க இழுக்க இறுகும். வெட்டினாலோ சாண் சாணாகத் துண்டுகள்தான் மிஞ்சும்.

பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பத்தொன்பது கிலோமீட்டர். கண்டக்டர் என் மடியில் இருந்த பையைப் பார்த்தார்.

"ஊர்ல அல்லாரும் பழவேற்காட்டுலேந்துதான் மீன் பையோட வருவாங்க. நீங்க இன்னா சார், பையோட போறீங்க?"

"ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கணும்."

"திருப்பிக் குடுக்கறவரா! அப்ப நல்லவருதான்" என்று சிரித்துவிட்டுச் சில்லறையைக் கொடுத்தார். நான் சிரிக்கவில்லை. சாலை இரண்டு பக்கமும் வயல் முடிந்து, உவர் நிலம் வந்து, உப்புக் காற்று ஜன்னலில் அடித்தது. இந்தக் காற்றில் பஞ்சு சொன்ன பேச்சைக் கேட்கும். ஈரம் இருந்தால் இழை லேசில் அறாது, மெலிசாக இழுக்கலாம். மற்ற நாளாக இருந்தால் அப்போதே தக்ளியை எடுத்திருப்பேன்.

பழவேற்காட்டில் இறங்கும்போது மணி ஒன்பதரை. நேரே கோட்டைக்குப்பம் போயிருக்க வேண்டியவன், டீ குடித்தேன். அதுவும் போதாமல் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்று மண்டையோட்டைச் சுமக்கிறது, இன்னொன்று மணற்கடிகாரத்தை. உள்ளே பலகை பலகையாகக் கற்கள், புரியாத எழுத்து, குடும்பச் சின்னங்கள். முந்நூறு, நானூறு வருடங்களுக்கு முன் இவர்கள் கப்பல் கப்பலாக ஏற்றிப்போனது இந்தக் கரையின் துணியைத்தான். அந்தத் துணிக்கு நூல் நூற்ற கைகளுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை. இழையில் முடிச்சு இருந்தால் அவர்களும் திருப்பித்தான் அனுப்பியிருப்பார்கள் என்று தோன்றியது. அந்த நினைப்பால் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. மணற்கடிகாரம் வைத்திருக்கிற எலும்புக்கூடு வேறு என்னையே பார்ப்பது போலிருந்தது. கிளம்பினேன்.

பத்தரை மணிக்குக் கஸ்தூரியின் வீடு. வாசலில் கட்டி வைத்த பெட்டிகள், ஒரு டிரம், கருவாட்டு மூட்டை. உள்ளே பழைய புடவைத் தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். கஸ்தூரிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு.

"வா அண்ணா! துணி எங்க, காட்டு! இந்தப் பழம்புடவய அவுத்து வீசிட்டு புதுசு கட்டணும்."

பையைக் கொடுத்தேன். உள்ளே கை விட்டவள் உருண்டையை எடுத்துப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. ஆரணிக்காரர் சொன்னதை நான் அப்படியே சொன்னேன். அவள் இழையை விரலிடுக்கில் ஓடவிட்டு ஒவ்வொரு முடிச்சாகத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"முடிச்சு ஒண்ணும் அவுரல இல்ல?"

"ஒன்றுகூட அவிழவில்லை. அதுதான் கஷ்டம்."

"வலயில அறுந்தத முடிச்சு போடாம வுட்டா மீனு பூடும் அண்ணா. நீ சொன்ன மாரிதான் ஒட்டிப் பாத்தேன். ராத்திரி படுத்தா, ஒட்டுனது வுட்டுக்குமோனு மனசு கேக்கல. எழுந்து வந்து முடிச்சு போட்டேன்."

அவளோடு நூற்கிறவர்களில் மூத்தவளான எல்லம்மா பக்கத்து வீட்டிலிருந்து விஷயம் கேட்டு வந்தாள். வந்ததும் தறிக்காரரைப் பிடித்துக்கொண்டாள். "சீப்புல பல்லு நெருக்கமா கீதுன்னா, பல்ல புடுங்கிட்டு நெய்யறது! இதுக்கு ஒரு வருஷ நூல திருப்பி அனுப்புவானா?" யாரும் சிரிக்கவில்லை. அஞ்சலி மட்டும், "வுடும்மா, பழைய பொடவயே மெத்துனு கீது. அதையே எடுத்துக்கினு போறேன்" என்றாள். சமாதானத்துக்குச் சொன்னதுதான். ஆனால் கஸ்தூரியின் முகம் அதில்தான் வாடியது.

கொஞ்ச நேரம் உருண்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து முந்தானையைச் செருகினாள்.

"எத்தினி மணிக்கு ஆட்டோ?"

"மூணு" என்றான் குமார். "நாலரைக்கு ராகு காலம் அத்தை. அதுக்கு முன்னால கிளம்பிடணும்."

"தறிக்குதான முடிச்சு ஆவாது? வலைக்கு ஆவும். வலையா பின்னி தூளி கட்டலாம். அடியில ஒரு துணி விரிச்சா புள்ளைக்கு உறுத்தாது."

அடுத்த அரை மணியில் ஐந்து பெண்களும் கொட்டகையில் இருந்தார்கள். ஒற்றை இழை குழந்தையைத் தாங்காது. எட்டு இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். எட்டு உருண்டைகளின் நுனிகளை ஒன்றாகத் தூணில் கட்டி, உருண்டைகளை என் கையில் கொடுத்து, "பின்னாலயே போ அண்ணா" என்றாள் கஸ்தூரி. நான் மணலில் பின்பக்கமாக நடந்தேன். ஆட்டின் மேல் இடித்தேன். எட்டு இழைக்குத் தக்ளியின் கனம் போதவில்லை என்று எல்லம்மா வலையின் ஈயக் குண்டுகளை அதன் அடியில் கோத்துக் கட்டினாள். தட்டிவிட்டதும் தக்ளி கிர்ரென்று சுற்றியது. முறுக்கு தூண்வரை ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. கரையில் சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்கள், "ராட்ட அண்ணன் ரிவர்சுல போறாரு, வழி வுடுங்கப்பா!" என்று கத்தினார்கள். உண்மையைச் சொன்னால், அந்த ஒன்றிரண்டு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். எங்கள் மொட்டை மாடியில் ஆறு பேரும் ஆறு பக்கம் பார்த்து நூற்போம். இப்படி ஒரே நூலை நாங்கள் பிடித்ததே இல்லை.

கஸ்தூரி பின்ன ஆரம்பித்தாள். ஆனால் அவள் கைக்கு நைலான்தான் பழக்கம். "நைலான் வழுக்கினு போவும். இது ஒவ்வொரு வலக் கண்ணுக்கும் புடிச்சி இழுக்குது" என்றாள். ஊசியை வேகமாக இழுத்தால் பஞ்சு பிசிறியது. மெதுவாகத்தான் போக வேண்டியிருந்தது. ஒரே வலையில் இரண்டு பேர் பின்ன இடமும் இல்லை. மற்றவர்கள் முறுக்கிக் கொடுத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்து அவள் கையையே பார்த்தார்கள். மத்தியானம் அஞ்சலி சோறு பிசைந்து வந்து அம்மாவுக்கு ஊட்டினாள். கஸ்தூரி தலையைத் திருப்பாமல் வாயை மட்டும் திறந்தாள்.

மூன்று மணிக்கு ஆட்டோ வந்தது. வலை ஒன்றரை முழம்தான் வளர்ந்திருந்தது. தூளிக்கு மூன்று முழமாவது வேண்டும். குமார் பெட்டிகளை ஏற்றினான், பிறகு பொறுத்திருந்தான், பிறகு ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். நாலு மணி நெருங்கியது.

"அறுத்துக் குடுத்துடறேன். இதையாச்சும் எடுத்துக்கினு போ, பொம்ம கிம்ம போட்டுக்க" என்றாள் கஸ்தூரி.

"அறுக்காத" என்றாள் அஞ்சலி. "பாதிய எடுத்துக்கினு போய் நான் இன்னா பண்றது? எனக்கு வல பின்னத் தெரியாது. முழுசா பின்னி நீயே எடுத்துக்கினு வா. கொரியர் கிரியர்ல போட்டியோ, வாங்க மாட்டேன்."

"வரேன் போ."

"எப்ப?"

"வரேன்னு சொல்றேன் இல்ல? ராகு காலம் வந்துடும், கிளம்பு."

அஞ்சலி குழந்தையைக் குனிந்து காட்டினாள். கஸ்தூரி கன்னத்தால் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். ஆட்டோ திரும்பியபோது எல்லாப் பெண்களும் கை காட்டினார்கள். கஸ்தூரி காட்டவில்லை. ஒரு முடிச்சு பாதியில் இருந்தது. விரலை எடுத்தால் நழுவிவிடும். ஆட்டோ தெரு முனை தாண்டிய பிறகு முடிச்சை இறுக்கினாள். அதற்கப்புறம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

நான் கிளம்பும்போது மணி ஐந்து. பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தாள்.

"விசாகப்பட்டினத்துக்கு எது அண்ணா ரயிலு?"

இந்தக் கேள்வியாவது எனக்குத் தெரிந்த கேள்வி. சாயங்காலம் சென்ட்ரலில் ஏறினால் மறுநாள் காலை விசாகப்பட்டினம் என்றேன். அந்த வண்டி பொன்னேரி வழியாகத்தான் போகும், நிற்காது என்றேன். டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன், ஏற்றியும் விடுகிறேன் என்றேன். அவள் சென்னையைத் தாண்டிப் போனதில்லை. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "இறால் சீசன் முடியட்டும்" என்றாள்.

பஸ் ஏரியை விட்டு விலகும்போது தண்ணீர் சிவந்திருந்தது. கையில் மஞ்சள் பை இல்லை; காலையில் அதைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தவன் நான். இப்போது மடி காலியாக இருந்ததே சகிக்கவில்லை. பொன்னேரி நடைமேடையில் என் வண்டிக்குக் காத்திருந்தபோது வடக்கே போகிற எக்ஸ்பிரஸ் ஒன்று நிற்காமல் போனது. அஞ்சலி போகிற வண்டியாக இருக்காது, நேரம் அதற்கு ஒத்துவராது. இருந்தும் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன்.

அதன் பிறகு இறால் சீசன் முடிந்து, வேறொரு சீசன் வந்துவிட்டது. மொட்டை மாடியில் இப்போதும் ஆறு பேர் உட்காருகிறோம். இழை அறுந்தால் பஞ்சோடு பஞ்சை ஒட்டிவிட்டுப் போகிறேன். எங்கே அறுந்தது என்று பத்து நிமிடம் கழித்து எனக்கே தெரிவதில்லை. டிக்கெட் எடுக்கட்டுமா என்று மாதம் ஒரு தடவை கஸ்தூரியிடம் கேட்கிறேன். வீட்டுக்காரருக்குக் கால் வலி, வலை வேலை நெருக்கடி, மழை என்று ஏதாவது வந்து நிற்கிறது. விசாகப்பட்டினத்தில் அவர்கள் பழைய புடவையில்தான் தூளி கட்டியிருக்கிறார்கள்.

போன வாரம் பேசினேன். தூளி எப்போதோ பின்னி முடித்துவிட்டாளாம், உத்தரத்தில் கட்டித் தொங்குகிறதாம். தாங்குமா என்று கேட்டேன்.

"அஞ்சு கிலோ அரிசி மூட்ட கட்டி, உள்ள போட்டு ஆட்டிப் பாத்தேன் அண்ணா, தாங்கிச்சி. நேத்து அஞ்சலி போன் பண்ணா. புள்ள ஏழு கிலோவாம். இன்னும் ரெண்டு கிலோ அரிசி சேத்துப் போட்டேன்" என்றாள். "தாங்குது."