தேவதாருவுக்குக் கட்டிய மூங்கில்

1. வியாழக்கிழமை

தேவதாருவின் தலையை நான் வெட்டியது ஒரு வியாழக்கிழமை காலை. வெட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்துத் திருப்திப்பட்டும் கொண்டேன். அந்தத் திருப்தி மதியச் சாப்பாடு வரைக்கும் நீடித்தது.

அப்போது நான் சிட்னியில் மெரிலேண்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு நர்சரியில் சேர்ந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ப்ராஜெக்ட் மேனேஜர். நாற்பத்தேழாவது வயதில் என் பதவி தேவையில்லை என்று ஆயிற்று. தேவைப்படாதது பதவிதான், நான் இல்லை என்று ஹெச்.ஆர். பெண் இரண்டு முறை விளக்கினார். பதவி வெளியே போனபோது நானும் கூடவே போக வேண்டியிருந்ததை மட்டும் அவர் விளக்கவில்லை. இனி செடிகளோடுதான் வேலை என்று முடிவெடுத்தேன். செடிகள் மீட்டிங் போடுவதில்லை. "செடி வளர்க்கணும்னா பால்கனி இருக்கே" என்றாள் மனைவி.

முதலாளி நிரஞ்சனா என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு சிட்னியில் பிறந்து வளர்ந்தவர். நான் அவரை மேடம் என்றேன், அவர் என்னை அண்ணா என்றார், இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது. மூன்று மாதம் ப்ரொபேஷன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கூடவே ஒரு விதியும் சொன்னார்: "தெரியாட்டிக் கேளுங்கோ அண்ணா. அவ்வளவுதான்." நான் மேனேஜராக இருந்தவன். கேட்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

2. கறிவேப்பிலை நிபுணர்

எங்கள் நர்சரிக்கு வரும் தமிழர்கள், ஊர் எதுவானாலும், முதலில் கேட்பது கறிவேப்பிலைதான். ஹாரிஸ் பார்க் இந்தியக் கடைகளில் காய்கறி வாங்கிக்கொண்டு நேராக இங்கே வந்து, வாடிய கன்றின் படத்தைப் போனில் காட்டுவார்கள். "நுனியைக் கிள்ளி விடுங்க. பக்கத்துல தழைக்கும்" என்பேன். உண்மையாகவே தழைத்தது. மூன்றாவது வாரம் ஒருவர் நன்றி சொல்ல முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார். அந்த முறுக்குதான் என்னைக் கெடுத்தது. செடி என்று ஒன்று இருந்தால் அதற்கு நுனி இருக்கும், நுனி இருந்தால் கிள்ளலாம் என்ற அளவுக்கு என் தாவரவியல் வளர்ந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சகுந்தலா அன்ரி நார்த்மீட்டிலிருந்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர் (ஆன்ட்டி அங்கே அன்ரி), எழுபது வயது, எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு முன்முற்றத்தில் நின்ற பெரிய யூகலிப்டஸ் ஒரு புயலில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கார் ஷெட்டின் மேல் விழுந்திருந்தது. அந்த மரத்துக்கு இளமையிலேயே இரண்டு தலை. இரண்டும் சமமாகப் பருத்து, நடுவில் பிடிப்பில்லாமல் போய், காற்றுக்குக் கிழிந்துவிட்டது. மீதி மரத்தை எடுக்க நகராட்சிக் கவுன்சில் அனுமதி கொடுத்தது. அதே இடத்தில் வேறொரு மரம் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ப்ளூ மவுண்டன்ஸ் பக்கம் பெரிய தோட்டங்களில் பார்த்த தேவதாருதான் வேண்டும் என்றார் அன்ரி. வருஷம் முழுக்கப் பச்சை, அடுக்கடுக்காகக் கீழே தழையும் கிளைகள், வெள்ளி கலந்த ஊசியிலை. அவர் முற்றம் பழைய காலத்து அளவு, எவ்வளவு பெரிய மரத்துக்கும் இடம் இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, ஒரு தலை உள்ள மரமாப் பாத்துத் தாங்கோ. அது விழுந்த நாள் தொட்டு, காத்தடிச்சா நான் முன்னறையில இருக்கிறதில்ல. பின்னறைக்குப் போய்க் கதிரையைப் போட்டு இருந்திடுவன்."

நான்கு சனிக்கிழமை வந்து, வரிசை வரிசையாக நடந்து, ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தார். என் உயரத்துக்கு மேலே ஒரு முழம், ஊசி மாதிரி ஒரே தண்டு. தன் பழைய சேலையிலிருந்து ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்து அடையாளமாகக் கிளையில் கட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். தேவதாரு நிறைந்த காட்டைத்தான் தாருகாவனம் என்கிறார்கள் என்று ஆரம்பித்து, எல்லாம் தெரியும் என்று இறுமாந்திருந்த அந்த வனத்து முனிவர்களின் கதை முழுவதையும் சொன்னேன். அன்ரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு தலைதானே தம்பி?" என்றார்.

3. மூங்கில்

அடுத்த சனிக்கிழமை டெலிவரி. அந்த வாரத் தொடக்கத்தில் மரத்தின் உச்சிக்குருத்து, எங்கள் பாஷையில் லீடர், தலை குனிந்து தொங்குவதைக் கவனித்தேன். அதற்கு முன் நான்கு வாரமும் அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது, கவனிக்காதவன் நான். தண்ணீர் போதவில்லை என்று இரண்டு வேளையும் ஊற்றினேன். நிமிரவில்லை. ஒரு கம்பு நட்டுக் கட்டினேன். கட்டுக்கு மேலே இருந்தது மறுபடி தொங்கியது. வியாழக்கிழமை காலை முறுக்கு கொடுத்தவரின் முகம் நினைவுக்கு வந்தது. கிளை வெட்டும் கத்தரியை, அதாவது செகட்டரை, எடுத்து நுனியை வெட்டினேன்.

சாப்பிடும்போது, செய்த காரியத்துக்குப் பாராட்டு தேடுவதுபோல, போனில் தேவதாருவைப் பற்றிப் படித்தேன். அதன் லீடர் எப்போதும் தொங்கிக்கொண்டேதான் வளரும். கீழே முற்றிய பகுதி விறைத்து நிமிரும், மேலே புதிதாக வருவது தொங்கும். நுனியை வெட்டினால் பக்கக் கிளைகள் போட்டி போட்டு எழும்பி, இரண்டு தலை, மூன்று தலை ஆகிவிடும்.

தாருகாவனத்து முனிவர்களின் கர்வத்தை அடக்கச் சிவபெருமானே பிச்சாடனராக வர வேண்டியிருந்தது. எனக்கு ஒரு செகட்டர் போதுமாக இருந்தது.

அதே பக்கத்தில் பரிகாரமும் போட்டிருந்தது. வெட்டுக்குக் கீழே உள்ள நல்ல கிளை ஒன்றை மெதுவாக மேலே வளைத்து, மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மற்ற கிளைகளின் நுனியைக் குறைக்க வேண்டும். ஒன்றிரண்டு வருஷத்தில் அதுவே தலையாகிவிடும். வெள்ளிக்கிழமை நிரஞ்சனா வெளியே போயிருந்தபோது அதைச் செய்தேன். பச்சை நாடாவில் கட்டியதால் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றும் தெரியவில்லை. அவரிடம் சொல்லவில்லை. ப்ரொபேஷன் முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

4. நார்த்மீட்

சனிக்கிழமை நிரஞ்சனாவும் நானும் வேனில் மரத்தைக் கொண்டுபோனோம். குழி வெட்டி, மரத்தை இறக்கி நிறுத்தினோம். அன்ரி ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஒரு தலைதானே தம்பி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்தில் அது உண்மையும்கூட. ஆனால் காற்றடித்தால் அவர் போய் உட்காரும் பின்னறைக் கதிரை எனக்கு நினைவுக்கு வந்தது.

"இருந்த தலையை நான் வெட்டிட்டேன் அன்ரி. வாடிப்போச்சுன்னு நினைச்சேன். இப்ப இருக்கறது பக்கக் கிளை. இழுத்துக் கட்டியிருக்கேன்."

நிரஞ்சனா கையிலிருந்த மண்வெட்டியைத் தரையில் வைத்தார். "அண்ணா, என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார், மிக மெதுவாக. அன்ரியிடம் திரும்பி, வேறு மரம் கொண்டுவந்து தருவதாக ஆங்கிலத்தில் சொன்னார்.

அன்ரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் கட்டியிருந்த இடத்தை ஆராய்ந்தார். ஒவ்வொரு முடிச்சின் கீழும் விரலை விட்டுப் பார்த்தார்.

"இறுக்கிக் கட்டேல்ல. கட்டத் தெரிஞ்சிருக்கு" என்றார். "இது நிமிருமோ?"

"நிமிரும். ஆனா மாசா மாசம் பார்க்கணும். கட்டைத் தளர்த்தணும். வேற கிளை போட்டிக்கு வந்தா குறைக்கணும்."

"அப்ப நீங்களே வந்து பாருங்கோ. எங்கட வார்டில கட்டுப் போட்டவைதான் வந்து அவிழ்க்க வேணும். வேற ஆக்களை விடமாட்டம்."

திரும்பும்போது வேனை நிரஞ்சனா ஓட்டினார். பரமட்டா தாண்டியதும், "இன்னும் மூண்டு மாசம் ப்ரொபேஷன்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "மாசத்தில முதல் சனி நார்த்மீட். ரோஸ்டரில போடுறன்" என்றார். ப்ரொபேஷன் நீடிக்கப்பட்டதற்கு சந்தோஷப்பட்ட முதல் மேனேஜர் நானாகத்தான் இருப்பேன்.

5. முன்னறை

இரண்டு வருஷம் மாதா மாதம் போனேன். ஒருமுறை ஒரு கிளை போட்டிக்குக் கிளம்பியது. செகட்டரை எடுப்பதற்கு முன் நிரஞ்சனாவுக்குப் போன் செய்து கேட்டேன். "ஓம், அதை வெட்டலாம்" என்றார். அதைக் கேட்க எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. மூங்கிலை அவிழ்த்த அன்று அன்ரி தேநீர் போட்டுத் தந்தார். தண்டில் என் தோள் உயரத்துக்கு மேலே ஒரு சின்ன வளைவு இருக்கிறது. எங்கள் மூன்று பேருக்கு மட்டும் அது தெரியும். அதற்கு மேலே ஒரே தலை, நேராகப் போய், நுனியில் தொங்குகிறது.

போன கோடையில் பெரும் காற்று அடித்தது. மறுநாள் காலை கடை திறக்கும்போது அன்ரியிடமிருந்து போன்.

"தம்பி, நிக்குது. ஒண்டும் ஆகேல்ல."

"நீங்க எப்படி இருக்கீங்க அன்ரி?"

"நான் முன்னறையிலதான் இருந்தனான். ஜன்னலால பாத்துக்கொண்டு."

மரம் இன்னும் கூரையின் உயரத்தைக்கூட எட்டவில்லை. விழுந்தாலும் அதிகபட்சம் தபால் பெட்டி நசுங்கும். அவர் எந்த அறையில் இருந்தாலும் ஒன்றுதான். மரங்களைப் பற்றி இப்போது எனக்கு ஓரளவு தெரியும் என்பதால், அதை விளக்கமாகவே சொல்லியிருக்க முடியும்.

"நல்லது அன்ரி" என்றேன். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.