எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஓ.கே.’

எண்பதுகளின் கடைசியில் காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் குடும்பப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு. புரோகிராமும் நான் எழுதியதுதான். எதை மாற்றினாலும் எத்தனை பதிவுகள் மாறின என்று அது தானாக ஒரு வரி சொல்லும். திரை அலங்கோலமாக இருக்கிறதென்று தலைமை எழுத்தர் குறைபட்டுக்கொண்டதால் அதை நிறுத்திவிட்டு, ‘ஓ.கே.’ மட்டும் வரும்படி செய்திருந்தேன்.

ஒரு காலை பட்டினச்சேரியிலிருந்து ஓர் அம்மாள் மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு மகளோடு உள்ளே வந்தார். ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட மகளுக்குக் குடும்பச் சான்று வேண்டும். மறுநாள் கடைசி நாள். தட்டிப் பார்த்தால் ‘திருமணமாகி வெளியேறியவர்’ என்று இருந்தது. சொன்னேன்.

“கல்யாணமா? எங்களுக்கே சொல்லாம முடிச்சிட்டீங்களா? மாப்பிள்ள யாருன்னாவது சொல்லுங்கம்மா, சீர் செய்யணும்ல!”

“சும்மா இரும்மா” என்றாள் மகள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த ஊரில் தலைச்சன் பெண்ணுக்குப் பெரும்பாலும் அம்மன் பெயர்தான். முந்தின வாரம் இதே பெயருள்ள ஒருத்தி கோவில்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதை நான் பதிந்திருந்தேன். நோட்டைப் புரட்டினேன். கொடுத்த கட்டளையில் ஊர் இருந்தது, பெயர் இருந்தது. தகப்பனார் பெயர் இல்லை. அந்த ஊரில் அந்தப் பெயருள்ள எல்லாரையும் அது சேர்த்தே மாற்றியிருக்கும்.

“இன்னும் எத்தன பேரும்மா?” என்றார் தலைமை எழுத்தர்.

எனக்குத் தெரியவில்லை. ஒருத்தி மாறியிருந்தாலும் ஊரே மாறியிருந்தாலும் அதே ‘ஓ.கே.’தான் வந்திருக்கும்.

அம்மாள் மீன் விற்கப் போனார். நான் பழைய பேரேட்டை வைத்து வீடு வீடாக ஒப்பிட்டேன். ஐந்து பேர் மாறியிருந்தார்கள். கல்யாணம் ஆனது ஒருத்திக்குத்தான். பிறகு புரோகிராமைத் திருத்தினேன். மாற்றுவதற்கு முன் யார் யார் என்று தகப்பனார் பெயரோடு காட்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால் நின்று கேட்கும். மாற்றியபின் எண்ணிக்கை சொல்லும்.

கூடை காலியானதும் அம்மாள் மகளோடு திரும்பி வந்தார். அவர் மகளின் பதிவைச் சரிசெய்தேன். அவளே திரையைப் படித்து, “ஒரு பதிவுதான் மாறியிருக்கும்மா” என்றாள்.

“வேற யாரையும் கட்டிக் குடுத்துடலயே?” என்றவர், சான்றை வாங்கியபின் குரலைத் தாழ்த்தினார். “நேத்து எதிர்வீட்டுப் புள்ளயும் இதுக்குத்தான் வந்துச்சு. பேரு இல்லன்னு அனுப்பிட்டாங்களாம். அழுதுகிட்டே கெடக்கு.”

அவளும் அந்த ஐவரில் ஒருத்தி. அவள் பதிவையும் திருத்திச் சான்றை அச்சடித்தேன்.

“குடுங்க, நாங்க சேத்துடுறோம்.”

“இல்லங்க, நானே வர்றேன்” என்று சைக்கிள் சாவியை எடுத்தேன்.