வாத்தியார் அமைச்சரான கதையை என் மகள் சொன்னது

பிள்ளைகளே, ருமேனியா எங்கே இருக்கிறது என்று போன வருஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். அமெரிக்காவில் பிளானோ என்ற ஊரில், நம்மூர் மளிகைக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். அந்த நாட்டை எனக்குக் காட்டியவள் ஏழாவது படிக்கும் என் மகள்.

ஒரு வேலையை விட்டு வேறு வேலைக்குப் போன ஒருவரைப் பற்றி வகுப்பில் எல்லாரும் பேச வேண்டும்; பெற்றோரும் வந்து கேட்கலாம். சீட்டுக் குலுக்கினார்கள். அவள் தோழிக்கு விண்வெளி வீரர் வந்தார். இவளுக்கு வந்தவர் ருமேனியாவில் மனோதத்துவம் கற்பித்த பேராசிரியர்; பிற்பாடு அந்நாட்டின் கல்வி அமைச்சர் ஆனவர்.

“செம போரிங்ப்பா. டீச்சர்கிட்ட சேஞ்ச் பண்ணச் சொல்றேன்.”

“வந்தவரை ஏன் கண்ணு திருப்பி அனுப்பணும்? பேசித்தான் பாரேன்.”

சலிப்பு மட்டும் காரணமில்லை. முந்தைய தடவை வகுப்பின் முன்னால் நின்றபோது அவளுக்குக் குரலே எழும்பவில்லை. அழுதுகொண்டே போய் உட்கார்ந்தாள். இப்போதும் அப்படி ஆனால் இனி எழுந்தே நிற்க மாட்டாள். அப்படி ஆக விடக் கூடாது என்று இருந்தேன்.

நமக்குத் தெரிந்த வழி பேச்சுப்போட்டி வழிதானே? அவள் அம்மா ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். அவையோருக்கு வணக்கம், மாண்புமிகு அமைச்சர், எதையும் விடவில்லை. எங்கே கையைத் தூக்குவது, எங்கே குரலை ஏற்றுவது என்று நான் காட்டினேன். காரில் போகும்போதும் சாப்பிடும்போதும் மனப்பாடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அங்கிள் வந்தார். அவர் முன்னால் ஒப்பிக்கச் சொன்னோம். தண்ணீர் மாதிரி கொட்டினாள்.

“அதெல்லாம் சரி அம்மணி, பாடம் நடத்தறவருக்கு மந்திரி வேலை எதுக்கு?” என்றார் அங்கிள்.

அவள் கையைத் தூக்கி, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அங்கிள் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

“லைன்ஸ்தான் தெரியுது. அவரைப் பத்தி எதுவுமே தெரியல,” என்று தாளை மடித்து வைத்தாள். “இனிமே நானே பாத்துக்கறேன். ரெண்டு பேரும் ஹெல்ப் பண்ண வேணாம். அன்னிக்கு லாஸ்ட் ரோல உக்காருங்க. அப்பா, நீங்க வாயை அசைக்கவே கூடாது!”

அதன்பின் தினமும் அவளே தேடிப் படித்தாள், கண்ணாடி முன்னால் பேசினாள். நடுவில் நின்றுபோனாலும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள்.

அந்த நாளும் வந்தது. கடைசி வரிசையில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்து முன்னால் போய் நின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை. பிறகு மெதுவாகத் தொடங்கினாள். கை தூக்கவில்லை, குரல் ஏற்றவில்லை. மனசு எப்படி வேலை செய்கிறது என்று படித்த ஒருவர், பள்ளிக்கூடங்களை எப்படி நடத்துவது என்று யோசிக்கப் போனதைக் கதையாகச் சொன்னாள்.

எந்த வேலை கஷ்டம் என்று ஒரு பையன் கேட்டான்.

“மினிஸ்டர் வேலைதான்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். “கிளாஸ்ல உனக்குப் புரியலைன்னா உன் முகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம். நாடு முழுக்க இருக்கிற முகத்தை அவர் எப்படிப் பாப்பார்?”

நேரமாகிவிட்டது, உட்காரலாம் என்றார் டீச்சர்.

“ப்ளீஸ், அங்க ஒருத்தி கை தூக்கியிருக்கா,” என்று என் மகள் அசையாமல் நின்றாள்.