எனக்குச் சுகமானதாக வாசித்த ஞாயிறு

வலது காதுக்குக் கீழே, தாடை கழுத்தோடு சேருகிற இடத்தில், இரண்டு விரலை வைத்து அழுத்திக்கொண்டால்தான் என்னால் பேச முடியும் என்ற நிலைமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் கொட்டாவி விடும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம். அப்புறம் சப்பாத்தி மெல்லும்போது வலி. அப்புறம் கழுத்து. ஆறே மாதத்தில், பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியதாயிற்று. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாடுவேன். வாய்தான் என் பிழைப்பு, வாய்தான் என் சந்தோஷம். பார்த்துப் பார்த்து அங்கேயே வந்து உட்கார்ந்தது சனியன்.

பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். நல்ல பல். பிடுங்கிப் பஞ்சு வைத்த பிறகு, “பல்லுல ஒண்ணும் இல்ல போல இருக்கு மேடம், எதுக்கும் காது டாக்டரைப் பாத்துடுங்க” என்றார். எதுக்குமாம்! அந்தப் பல்லைத் திருப்பி யார் நட்டுத் தருவது? காது டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, “சூப்பரா இருக்கு” என்று பாராட்டினார். எலும்பு டாக்டர் கழுத்துக்குப் பட்டை போடச் சொன்னார். பட்டையோடு வகுப்புக்குப் போனால் பிள்ளைகள் குசுகுசுவென்று சிரித்தார்கள். ஸ்டாஃப் ரூமில் ஒருத்தி, “டீச்சருக்கு வாய்க்கு லீவு வந்தா வகுப்புக்கே லீவுதான்” என்றாள். நானும் சிரித்து வைத்தேன். சிரித்தாலும் வலித்தது.

இத்தனை இடத்துக்கும் என் கணவர்தான் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். அதுவரைக்கும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். செம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் எங்கள் வீடு. மெயின் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் எங்கெங்கே பள்ளம் என்று அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, “பிடிச்சுக்கோ” என்பார். நான் ஒரு கையால் அவர் தோளையும் இன்னொரு கையால் என் கழுத்தையும் பிடித்துக்கொள்வேன். எக்ஸ்ரே கவர் எங்கள் இருவருக்கும் நடுவில் நசுங்கும். எத்தனை டாக்டர் கைவிட்டாலும் அந்த ஒரு சொல் இருக்கிற வரைக்கும் எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது. என் வலி உண்மை என்று இந்த உலகத்தில் ஒரு ஆளுக்காவது தெரியுமே.

இரண்டாவது எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “எல்லாம் நார்மல்” என்றார். நான் வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கணவர் உள்ளேயே நின்றுவிட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை.

“கொஞ்சம் டென்ஷன் டைப் சார். சின்ன விஷயத்தையும் பெருசா எடுத்துப்பா.”

என் கணவரின் குரல்தான். டாக்டர் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் மெல்லச் சிரித்தார்கள். அன்றைக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தது தூக்க மாத்திரை. திரும்பும்போது பள்ளங்கள் எல்லாம் அப்படியேதான் இருந்தன. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. “பிடிச்சுக்கோ” என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் சொல்லவே இல்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டு வாங்குகிற சாமானா அது?

சர்ச்சில் என் பெயர் ஜெபக் குறிப்பில் ஏறியது. வாராவாரம் ஆராதனை முடிந்ததும், “இப்ப எப்படி இருக்கு சிஸ்டர்?” என்று நாலு பேர் வருவார்கள். என் கணவர் பக்கத்தில் நின்று ஸ்கூட்டர் சாவியை உருட்டிக்கொண்டிருப்பார். அவர் சபைக் கமிட்டியில் இருந்தார். அது அவருக்குப் பெரிய விஷயம். அந்தச் சாவிச் சத்தத்தில் எரிச்சல் ஏறிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது. ஆனால் எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை கிடைத்தாலோ, பிள்ளை பரீட்சையில் தேறினாலோ, வியாதி சுகமானாலோ, ஒரு கவரில் ஸ்தோத்திர காணிக்கை போட்டு, காரணத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். பாஸ்டர் அதை எல்லாருக்கும் வாசிப்பார். அந்தக் குடும்பம் எழுந்து நிற்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு சீட்டு வாசித்தார். மூன்றாவதாக, “நாள்பட்ட கழுத்து வலி, தாடை வலியிலிருந்து பூரண சுகம் கொடுத்ததற்காக” என்றபோது, அட, எனக்கு வந்தது போலவே இன்னொருவருக்கும் வந்து போயிருக்கிறதே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அடுத்து எங்கள் இருவர் பெயரையும் வாசித்தார்.

ஆண்கள் பக்கத்தில் என் கணவர் எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கொயர் சபையைப் பார்த்த மாதிரி உட்காரும். அதனால் அத்தனை முகமும் என் முகத்துக்கு நேரே திரும்பியது. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். அதை இன்றுவரை எனக்கே என்னால் மன்னிக்க முடியவில்லை.

உடனே நன்றிப் பாட்டு. இரண்டாவது அடியில் தாடை பிடித்துக்கொண்டது. சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்துக் கடைசி வரைக்கும் பாடினேன். வெளியே வந்ததும் ஒரே கைகுலுக்கல். “பாத்தீங்களா, முகத்துல என்ன ஒரு தெளிவு!” என்று ஒரு அம்மா கன்னத்தைத் தட்டினார். வலது கன்னத்தை.

மதியம் அவர் மட்டன் வாங்கி வந்தார். கொண்டாட்டமாம். நான் மெல்லாமல் குழம்புச் சோற்றை விழுங்கிவிட்டுக் கேட்டேன்.

“யாரைக் கேட்டு எழுதிக் குடுத்தீங்க?”

“விசுவாசத்துல குடுத்தேன். சொன்னா நடக்கும்.”

“எனக்கு வலிக்குதுங்க.”

“அதையே சொல்லிக்கிட்டு இருந்தா எப்படிப் போகும்? வாராவாரம் எல்லாரும் வந்து நிக்கறாங்க. கமிட்டியில இருக்கறவன் வீட்டு ஜெபமே கேக்கப்படலையான்னு என்னைத்தான் பாக்கறாங்க. எனக்கு அசிங்கமா இருக்குது.”

ஆக, என் தாடை அவருக்கு அசிங்கம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வலியைச் சொல்ல எனக்கு இடமே இல்லாமல் போயிற்று. ஜெபக் குறிப்பில் என் பெயரை அடித்துவிட்டார்கள். பள்ளியில் லீவு கேட்டால், “உங்களுக்குத்தான் பூரண சுகமாயிடுச்சாமே” என்றார் ஹெச்.எம். செய்தி அங்கேயும் போயிருந்தது. டாக்டரிடம் போவோம் என்றால் என் கணவர் என்னைப் பார்க்கிற பார்வையே போதும். சுகமான பொம்பளைக்கு எதற்கு டாக்டர்?

நாலு மாதம் போயிருக்கும். ஆராதனை முடிந்து ஸ்கூட்டர் நிற்கிற இடத்துக்கு வந்தேன். ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. வலது காதுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். சரியாக அதே இடம்.

“அக்கா, நான் கூடுவாஞ்சேரில இருந்து வர்றேன். எங்க அண்ணி இந்த சர்ச்தான். உங்களுக்கு இது சரியாயிடுச்சுன்னு சொன்னாங்க. எனக்கு மூணு வருஷமா இருக்குக்கா. டாக்டருங்க ஒண்ணும் இல்லன்றாங்க. வீட்டுக்காரரு நடிக்கறேன்றாரு. நெஜமாவே சரியாயிடுச்சாக்கா?”

அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. நான் சொன்னால் நம்பக்கூடிய ஒரே ஆள், தானே ரயில் ஏறி என்னைத் தேடி வந்து நிற்கிறாள். நாலு அடி தள்ளி என் கணவர். அவர் பக்கத்தில் பாஸ்டர். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

“ஆமாம்மா, சரியாயிடுச்சு” என்றேன்.

“எப்படிக்கா ஜெபம் பண்ணீங்க?”

“விசுவாசத்தோட.”

என் கணவர் சொன்ன அதே சொல். என் வாயிலிருந்து சுலபமாக வந்தது. அவள் விரலைக் காதடியிலிருந்து எடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அப்ப எங்கிட்டதான்க்கா பத்தல” என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

நான் ஸ்கூட்டரில் ஏறினேன். மெயின் ரோடு தாண்டி எங்கள் ஏரியாவுக்குத் திரும்பியதும் முதல் பள்ளம். அவர் வேகத்தைக் குறைத்தார். இத்தனை மாதத்துக்குப் பிறகு, மெதுவாக, “பிடிச்சுக்கோ” என்றார்.

அப்படியென்றால் என் வலி உண்மை என்று அவருக்குத் தெரியும். சீட்டு எழுதியபோதும் தெரியும், எழுந்து நின்றபோதும் தெரியும். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கலாம். அவள் பிளாட்பாரத்தில்தான் நின்றிருப்பாள். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.