இருமல்காரரும் ஆரஞ்சு நிறப் பட்டாளமும்

மற்றத் தொழில்களில் வாடிக்கையாளர் தான் கொண்டுவந்த சாமானைப் பற்றி நாலு வார்த்தையாவது பேசுவார். ரத்தமும் மலமும் பரிசோதிக்கிற எங்கள் தொழிலில் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். லிங்கராஜபுரத்தில் ஒரு சின்ன லேப் எங்களுடையது. டெக்னீஷியன் நான், வரவேற்பு மேஜையில் கன்னடக்காரி மஞ்சுளா. என்னை எல்லாரும் ‘சிஸ்டர்’ என்பார்கள். நான் நர்ஸ் இல்லை என்று முதல் பத்து வருஷம் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்து, டப்பாவைத் துப்பட்டாவுக்குள்ளோ செய்தித்தாளுக்குள்ளோ மறைத்துப் பிடித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால் உங்களிடம் இதைக் கூச்சப்படாமல் சொல்லலாம்.

நூற்றுக்கு முப்பத்தாறு

ஆரோக்கியதாஸ் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஹெண்ணூர் பக்கம் ஒரு செடி நர்சரியில் வேலை. மூன்று மாதமாக விடாத இருமல், நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு. எங்கள் எதிர்ச் சாரியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் அவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் ஊற்றிக் கழுவிக் காயவைத்து, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். அந்த வெளிச்ச வட்டத்துக்குள் இறங்கிவிட்டால் தெருவில் போகிற பஸ் ஹாரன்கூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலத்தான் எனக்குக் கேட்கும். சிவப்பணுக்களுக்கு நடுவே வெள்ளையணுக்கள் அங்கங்கே மிதக்கும். அவற்றில் ஒரு வகைக்கு இயோசினோஃபில் என்று பெயர். உள்ளே கேசரி ரவை போல ஆரஞ்சு மணிகள் நிறைந்திருக்கும், பார்க்க அத்தனை அழகு. நூறு வெள்ளையணுவை எண்ணினால் இரண்டோ மூன்றோ தென்படும். அண்ணன் ரத்தத்தில் முப்பத்தாறு. இரண்டாம் முறை எண்ணினேன், அதே முப்பத்தாறு. இத்தனை பேர் திரண்டு நிற்கிறார்கள் என்றால் யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. யாராக இருக்கும் என்று யோசித்தபடியே எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. மஞ்சுளா தோளைத் தட்டினாள்.

“ஏன் ரீ மேடம், ஸ்லைடு பாக்குறீங்களா, சினிமா பாக்குறீங்களா?”

மேலேயா, கீழேயா

இந்த ஆரஞ்சுக்காரர்கள் இப்படிக் கூட்டம் போட முக்கியமான காரணங்கள் இரண்டு: ஒன்று அலர்ஜி, இன்னொன்று புழு. அண்ணனிடம் வேலையைப் பற்றி விசாரித்தேன். எருவும் மண்ணும் கலப்பதுதான் அவருக்குப் பிரதான வேலையாம். செருப்புப் போட்டால் ஈர மண்ணில் வழுக்குகிறது என்று நாள் முழுவதும் வெறுங்காலாம். போன மழைக்காலத்தில் பாதத்தில் ஒரே அரிப்பு இருந்ததாம். எனக்குச் சுருக்கென்றது.

ஈர மண்ணில் நூல் போல ஒரு உருளைப் புழு உண்டு. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகும், அங்கிருந்து தொண்டைக்கு ஏறும், விழுங்கினால் குடலுக்கு இறங்கிக் குடித்தனம் வைத்துவிடும். அங்கே அது போடும் குஞ்சுகளில் சில மலத்தோடு வெளியே வராமல் குடலிலிருந்தே மறுபடி உடம்புக்குள் நுழைந்து பழைய வழியில் ஒரு சுற்றுப் போகும். அப்படி நுரையீரலைக் கடக்கும்போதெல்லாம் இருமலும் இரைப்பும் வரலாம். ஆக, இருமலுக்குக் காரணம் குடலில் இருக்கலாம். இதையெல்லாம் விவரமாகச் சொல்லி, மலம் எடுத்து வரச் சொன்னேன். அண்ணன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்கு மேலதானே சிஸ்டர் இருமுது? நீங்க என்னாத்துக்குக் கீழ கேக்குறீங்க?”

மூன்று டப்பா மரியாதை

மூன்று நாள், மூன்று டப்பா. ஒவ்வொன்றும் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்புகிற சாப்பாடு போல மூடி இறுக்கி, கவர் போட்டு, முடிச்சும் போட்டு வந்தது. மூன்றிலும் ஒன்றும் இல்லை. எதுவும் அசையவில்லை. மூன்றாவது ரிப்போர்ட்டையும் ‘நார்மல்’ என்று அனுப்பினேன். டாக்டர் போனில் பேசினார். மனிதர் மூச்சு வாங்கித் தவிக்கிறார், இனியும் காத்திருப்பது நியாயமில்லை, இது அலர்ஜி ஆஸ்துமாதான், சனிக்கிழமை காலையிலிருந்து ஸ்டீராய்டு ஆரம்பிக்கிறேன் என்றார்.

இதில் என்ன ஆபத்து என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டீராய்டு உடம்பின் பட்டாளத்தைத் தூங்கவைக்கும். ஆஸ்துமா என்றால் அது நல்லதுதான். ஆனால் உள்ளே அந்தப் புழு இருந்தால், காவலில்லாத வீட்டில் அது பெருகிப் பெருகி உடம்பு முழுக்கப் பரவும், ஆளையே கொண்டுபோய்விடும். இதில் கொடுமை என்னவென்றால், ஸ்டீராய்டு போட்டதும் இயோசினோஃபில் எண்ணிக்கை குறையும், ரிப்போர்ட் நன்றாகிவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். டாக்டருக்கும் இது தெரியும். அதற்காகத்தான் மூன்று சாம்பிள் பார்க்கச் சொன்னார், மூன்றையும் நார்மல் என்று எழுதியது நான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிப்போர்ட் காப்பி வாங்க அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்கா வந்தார். டப்பாவை இவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டுவந்ததில்லை என்று மஞ்சுளா புகழ்ந்தாள். அக்கா முகம் மலர்ந்துபோயிற்று.

“பின்ன? நீங்களும் மூக்கு இருக்குற மனுசிங்கதானே! நாத்தம் அடிக்கக் கூடாதுன்னு மூணு நாளும் ரெண்டு மூடி பினாயில் ஊத்தித்தான் குடுத்து வுட்டேன்.”

ஹோசூர் ரோட்டில் ஒரு பட்டாளம்

எங்கள் லேப்பில் காலையும் மாலையும் பினாயில் போட்டுத்தான் தரை துடைப்பது. அந்த வாசனை மூக்குக்குப் பழகிப்போய், டப்பாவிலிருந்து வந்ததை நான் கண்டுகொள்ளவே இல்லை. பினாயிலில் எந்தப் புழு உயிரோடு நெளியும்? செத்த குஞ்சு நாரோடு நாராகக் கிடந்து கண்ணுக்குத் தப்பிவிடும். வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம் ஸ்டெல்லா அக்கா மேல் இல்லை. உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். நாளைக் காலை புதிதாக ஒரு சாம்பிள் பார்க்கிறேன், பத்து மணி வரை மாத்திரை வேண்டாம் என்று கெஞ்சினேன். சரி என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற அடுகோடி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஹோசூர் ரோடு டிராஃபிக்கில் வண்டி ஊர்ந்தது. நான் ஆரோக்கியதாஸ் அண்ணனின் குடலுக்குள் இருந்தேன். அங்கே புழு இருக்கிறது என்று முதலில் மோப்பம் பிடிப்பது குடல் சுவரில் இருக்கும் சில தனிச் செல்கள். அவை செய்தி அனுப்பும். சுவர் வழவழவென்று சளி சுரக்கும், புழுவுக்குப் பிடி கிடைக்கக் கூடாது என்று. குடல் வேகவேகமாக அசையும், நீர் விடும், தள்ளு வெளியே, தள்ளு வெளியே என்று. புழுவின் மேல் அடையாளம் ஒட்டும் எதிர்ப்புப் பொருள்கள் ரத்தத்தில் பெருகும். அந்த அடையாளத்தைப் பார்த்து ஆரஞ்சுக்காரர்கள் வருவார்கள். புழுவோ ஒரு செல் விழுங்கக்கூடிய அளவா? அதன் பக்கத்தில் செல் ஒரு பொட்டு. அதனால் ஆளாளுக்கு அதன் மேல் ஒட்டிக்கொண்டு, தங்கள் ஆரஞ்சு மணிகளை உடைத்துக் கொட்டுவார்கள். அந்த மணிக்குள் இருப்பது விஷம். புழுவின் தோல் அதில் வெந்துபோகும். சில சமயம் நம் சதையும் சேர்ந்து வேகும், அந்த இரைப்பில் அதுவும் ஒரு பங்கு. மூன்று மாதமாக ஒரு சம்பளமில்லாத பட்டாளம் இப்படி மாரடித்துக்கொண்டிருக்க, நாங்கள் நாளைக்கு அதற்குத் தூக்க மாத்திரை கொடுக்கப்போகிறோம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து நீட்டினாள்.

“மேல் ஆபீசர் திட்டினாரா மேடம்? எல்லா ஆபீசும் அப்படித்தான், விடுங்க.”

சனிக்கிழமை, எட்டரை மணி

சாம்பிள் சுடச்சுட வேண்டும், அதனால் இங்கேயே வந்துவிடுங்கள் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். எட்டரைக்கு ஸ்டெல்லா அக்காவோடு வந்தார். சட்டைப் பையில் ஸ்டீராய்டு மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்குகிறாராம். இதை முழுங்கினால் மூச்சு லேசாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம், ஏன் சிஸ்டர் தடுக்கிறீர்கள் என்று பாவமாகக் கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கே போதுமானதாகப் படவில்லை. புழு இல்லையென்றால், என் பகல் கனவுக்காக ஒரு மனிதரைத் தவிக்கவிட்டவள் ஆவேன். நிஜமாகவே பயந்தேன்.

காபி கொடுத்தோம். வாழைப்பழம் கொடுத்தோம். வெந்நீர் கொடுத்தோம். அண்ணன் கழிப்பறைக்குப் போவதும் வெறுங்கையோடு வருவதுமாக இருந்தார். ஒன்பதே காலுக்கு மஞ்சுளா பொறுமையிழந்து, கதவுக்கு வெளியே நின்று, “அண்ணா, ஆயித்தா?” என்று கன்னடத்தில் முடிந்ததா முடிந்ததா என்று விசாரிக்க ஆரம்பித்தாள். ஸ்டெல்லா அக்கா ஜெபமாலையை உருட்டினார். நான் ஸ்லைடைக் கையில் ஏந்தியபடி நின்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“மூணு பேரும் தயவு பண்ணித் தெருப்பக்கம் போங்க, இப்படி காவல் நின்னா வர்றதும் வராது!”

வட்டத்துக்குள்

ஒன்பது நாற்பதுக்கு ஸ்லைடு போட்டேன். உப்பு நீரில் கரைத்த ஒரு துளி, மேலே மெல்லிய கண்ணாடி. கீழே ஓரத்திலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக நகர்த்தினேன். செரிக்காத தோல், நார், வெங்காயத் துணுக்கு. முதல் ஸ்லைடில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. சுவர்க் கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஸ்லைடின் நடுவில், ஒரு நாரைத் தள்ளிக்கொண்டு, ஏதோ ஒன்று தலையைத் தூக்கியது. ஊசிமுனை அளவு உடம்பை வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்து வட்டத்தைக் கடந்தது. அத்தனை நிதானமான, அத்தனை அழகான நெளிவு. பெருமூச்சு விட்டேன், கண்ணாடியில் ஆவி படர்ந்து அது மறைந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன், இருந்தது.

டாக்டர் சாலையைக் கடந்து ஓடிவந்து பார்த்தார். பிறகு நேரே போய், அண்ணன் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையைத் தன் கையாலேயே உருவி எடுத்துக்கொண்டு, வேறு மருந்து எழுதினார். புழுவைக் கொல்கிற மாத்திரை. அண்ணன் தானும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். புழுவைக் காட்டினேன். பக்கத்தில் பழைய ரத்த ஸ்லைடை வைத்து ஆரஞ்சுக்காரர்களையும் காட்டினேன், இவர்கள்தான் அதோடு சண்டை போடுகிறவர்கள் என்றேன். கண்ணை எடுக்காமலே மெதுவாகப் பேசினார்.

“இவங்களையா சிஸ்டர் நான் தூங்க வெக்க இருந்தேன்?”

ஒரு தொட்டி ரோஜா

ஆறு வாரம் கழித்து அண்ணன் ரத்தம் கொடுக்க அக்காவோடு வந்தார். லேப் வாசலின் நாலு படியையும் நிற்காமல் ஏறினார். காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். நூறு எண்ணினேன், ஆரஞ்சுக்காரர்கள் ஆறு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் வேலை முடிந்து கலைந்துபோயிருந்தார்கள். வட்டம் காலியாக, அமைதியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏக்கமாகக்கூட இருந்தது.

ஸ்டெல்லா அக்கா கையில் மொட்டு விட்ட ரோஜாத் தொட்டி. என் முகத்துக்கு நேரே நீட்டினார். சந்தோஷமாக இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.

“உயிரைக் காப்பாத்துன டாக்டருக்குன்னு கொண்டாந்தோம், அவரு ஊருக்குப் போயிட்டாராம், வந்ததும் நீங்க குடுத்துருங்க, அதுவரைக்கும் தண்ணி மட்டும் ஊத்துங்க சிஸ்டர்.”

மாதக்கணக்கில் உள்ளே சண்டை போட்ட பட்டாளத்துக்கே யாரும் நன்றி சொல்லாத உலகத்தில், அதை எண்ணிப் பார்த்தவளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையாவது கிடைத்ததே என்று பத்து நாளாக ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.